கால்வாய்க்குள் இறங்கிய மாஸ்டர்

அன்புச்செல்வி எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று, அங்கே டிரைவிங் ஸ்கூல் வைக்கப்போவதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. வாசலில் ஒரு பழைய வெள்ளை ஆல்டோ நின்றிருந்தது. அதை ஓட்டி வந்ததும் அவள்தான்.

என் பெயர் வேதா. கலெக்டர் ஆபீசில் உதவியாளர். வேங்கிக்காலில் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கி, நானும் என் கணவரும் வீடு கட்டிக் குடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அறை காலியாகத்தான் கிடந்தது. கொடுத்தேன். மறுநாளே பலகை மாட்டிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து, ஐம்பத்தைந்து வயதில், நானும் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். அதனால் நான் சொல்லப்போவது கேள்விப்பட்ட கதை இல்லை. பாதியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீதியை அவளே சொல்லக் கேட்டேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுவார்கள். பி.காம். முடித்ததும் கல்யாணம். கணவர் செழியன் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் மேலாளராக இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களிடம் நான்கு மொழியில் பேசுவார். ஆனால் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் கிடையாது. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதுங்க" என்பார்.

கல்யாணமான புதிதில் அன்புச்செல்வி டவுனுக்குள் மாறன் என்பவரின் டிரைவிங் ஸ்கூலில் வேலைக்குப் போனாள். பழகுநர் உரிமத்துக்கான எல்.எல்.ஆர். விண்ணப்பம் நிரப்புவது, புகைப்படம் ஒட்டுவது, நாள் குறித்துக் கொடுப்பது என மேசை வேலைதான். ஆறேழு மாதத்தில் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. சேர்ந்த பெண்களில் பலர் ஐந்தாம் நாள், ஆறாம் நாளோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால் "வேலை ஜாஸ்தி", "வீட்டுல ஒத்துக்கல" என்பார்கள். ஒரு நாள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிறுத்தி, "நெஜமா இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்க ஆளு கியர் சொல்லித் தரேன்னு என் கை மேலயே கைய வெச்சிக்கினு வராரு மேடம். எடுக்கவே மாட்டேன்றாரு."

அன்புச்செல்வி நேராக மாறனிடம் போய்ச் சொன்னாள். மாறன் நல்ல மனுஷர். அன்று மாலையே அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "இப்ப பொம்பளைங்களுக்கு யாரும்மா சொல்லித் தரது? நீ கத்துக்கிட்டு நீயே சொல்லிக்குடு" என்று பாதி கிண்டலாகச் சொன்னார். இவள் அதை முழுசாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அது ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. முதலில் தன் லைசென்ஸ். பிறகு சில வருடம் ஓட்டிய அனுபவம். சொல்லிக்கொடுக்கும் உரிமம் வாங்க மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் வேண்டியிருந்தது. அதற்காகச் சனி ஞாயிறு வகுப்புக்குப் போனாள். இருபத்து மூன்று ஆண்கள், இவள் ஒருத்தி. அந்த வகுப்பறையில் பாதியாக வெட்டி, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசிய ஒரு கியர்பாக்ஸ் மேசைமேல் இருந்ததாம். மற்றவர்கள் பரீட்சைக்கு வரும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட, இவள் உட்கார்ந்து அந்தச் சக்கரங்களைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். எது சுற்றினால் எது சுற்றுகிறது, எங்கே எண்ணெய் நிற்கிறது, எங்கே தெறிக்கிறது என்று.

உரிமம் கிடைத்து மாறனிடமே நான்கு வருடம் மாஸ்டராக இருந்தாள். மாறன் தொழிலை விட்டுவிட்டு, தன் மகள் வீட்டோடு போய் இருந்துவிட முடிவு செய்தபோது, மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கும்படி இரட்டை பெடல் வைத்த ஆல்டோவை இவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வண்டிதான் என் வாசலுக்கு வந்தது.

அவள் சொல்லிக்கொடுக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குரல் உயராது. உங்கள் கையைத் தொடமாட்டாள். ஒரு பேனாவை வைத்துக்கொண்டு கியர் குமிழின்மேல் மெல்லத் தட்டுவாள். "கிளட்ச்ச முழுசா மிதிங்க. மனசுல ரெண்டு எண்ணுங்க. அப்புறம் கியர்." நான் எண்ணாமல் போட்டு, வண்டி அடிவயிற்றிலிருந்து கர்ரென்று கத்தும்போது, "நான் ஒண்ணும் சொல்லலக்கா. வண்டிதான் திட்டுது" என்பாள்.

மார்கழிக் கடைசியில் குளிர் ஏறியதும் வண்டி எல்லோரையும் திட்ட ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு எடுத்தால் இரண்டாவது கியர் விழவே விழாது. இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகுதான் இறங்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் தங்கள் தப்பு என்று நினைத்துப் பதறினார்கள். அன்புச்செல்வி தானே நான்கு நாள் ஓட்டிப் பார்த்தாள். "உங்க தப்பு இல்ல. கியர் ஆயில் செத்துப்போச்சு" என்றாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் கியர்பாக்ஸ் படும் பாடு வேறு எந்த வண்டியும் படாது. அதில் எண்ணெய் பழசானால் பல் பல்லைத் தின்னத் தொடங்கிவிடும் என்று எனக்கு விளக்கினாள்.

எண்ணெய் டப்பாக்களை அவளே வாங்கினாள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றாராம். இவள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்து எழுத்தைப் படித்துவிட்டு, "இது லாரிக்கு. இத ஊத்துனா கியர்பாக்ஸ் உள்ள இருக்கற பித்தளை வளையத்த அரிச்சிடும். அந்த மேல் தட்டுல இருக்குது பாருங்க, அது குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். வாங்கி ஊரின் மறுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டப்பாவோடு வண்டியை விட்டாள். விடும் முன் ஒரு காரியம் செய்தாள். அடியில் எண்ணெய் இறக்கும் நட்டின்மேலும் அதைச் சுற்றிய இரும்பின்மேலும் சேர்த்து, பள்ளிக்கூடம் போகும் தன் மகளுடைய சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். நட்டைத் திருகினால் கோடு முறிந்துவிடும். லாரிக்காரர்கள் சக்கர நட்டுகளில் இப்படிப் பெயின்ட் கோடு போட்டிருப்பதை எப்போதோ பார்த்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. "ஆயில் மாத்தியாச்சு" என்றார்கள். மறுநாள் காலை இரண்டாவது கியர் விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். சிவப்புக் கோடு அப்படியே நேராக இருந்தது.

நானாக இருந்தால் அங்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய், முதலாளியிடம் காட்டி, "நட்டத் தொடவே இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், ஆளைக் கூப்பிட்டுத் திட்டினார், "இப்பவே மாத்திடறோம்மா, வண்டிய உடுங்க" என்றார்.

"வேணாங்க. என் டப்பாவக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"நீங்க எப்பிடிம்மா பாப்பீங்க?"

"சொல்லித் தரதுதாங்க என் வேல. கத்துக்கிட்டுப் பாப்பேன்."

திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னாள். சான்றிதழ் இருந்ததே தவிர, அந்த வகுப்பில் யாரையும் உண்மையான வண்டியில் கைவைக்க விட்டதில்லை. அதுவரை அவள் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். அன்று தை மாதப் பௌர்ணமி. வகுப்பு கிடையாது. சாலைகளில் கிரிவலக் கூட்டம் இருக்கும்போது கற்றுக்கொள்பவர்களை வெளியே கூட்டிப்போக முடியாது. மறுநாள் திங்கட்கிழமை எங்களில் ஐந்து பேருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் டெஸ்ட். வண்டி நல்லபடி இருக்க வேண்டும் என்பதற்காகவே அதற்கு முந்தைய நாளில் வைத்துக்கொண்டாள்.

வண்டியைத் தூக்க வசதி இல்லையே என்று நான் கேட்டேன். அவள் எங்கள் தெருவைக் காட்டினாள். வீட்டுக்கு முன்னால் புதிதாக மழைநீர்க் கால்வாய் கட்டிவிட்டு, மூடி போடாமல் மாதக்கணக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். மறுமுனை எங்கேயும் போய்ச் சேராததால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. இரண்டரை அடி அகலம், இடுப்பளவு ஆழம், சுத்தமான சிமெண்ட். வண்டியை ஒரு சுற்று ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். நான் முன்னால் நின்று கைகாட்ட, இரண்டு சக்கரம் இந்தப் பக்கம், இரண்டு சக்கரம் அந்தப் பக்கமாகக் கால்வாயின்மேல் வண்டியை நிறுத்தினாள். கை பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் செங்கல் முட்டுக்கொடுத்து, செழியனின் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

கூடவே காசியம்மாளும் வந்திருந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர்க்காரி, நாற்பத்தாறு வயது. குடும்பத்தில் காய்கறி ஏற்றும் மினி வேன் ஒன்று உண்டு. டிரைவர் வராத நாளில் காய் வீட்டிலேயே கிடந்து அழுகும். அதற்காகவே ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். அவளுடைய எல்.எல்.ஆர். அந்த வாரம் புதன்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை டெஸ்டை விட்டால் மறுபடி முதலிலிருந்து. கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பழகலாம் என்று பஸ் ஏறி வந்தவள், கூட்டத்தால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டு நடந்தே வந்து சேர்ந்திருந்தாள். மாஸ்டர் கால்வாய்க்குள் நிற்பதைப் பார்த்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.

அடி நட்டு சுலபமாகக் கழன்றது. கன்னங்கரேலென்று எண்ணெய் பழைய பெயின்ட் வாளிக்குள் கயிறுபோல் இறங்கியது. தெரு முழுக்க ஒரு நாற்றம். நட்டின் முனையில் இருந்த காந்தத்தில் மை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அன்புச்செல்வி அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பொடிதான். துண்டு எதுவும் இல்ல. பல்லு எல்லாம் நல்லா இருக்குது" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நட்டைத் துடைத்துப் புது வாஷர் போட்டு இறுக்கினாள். அடுத்து, பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் நட்டைக் கழற்ற வேண்டும். அதில் ஸ்பேனரை வைத்ததும் வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தாள். முன்பு எப்போதோ யாரோ உளி வைத்து அடித்து, அதன் மூலைகளையெல்லாம் மழுக்கி வைத்திருந்தார்கள். மறுபடி வைத்து அழுத்தினாள். ஸ்பேனர் நழுவி விரல் மூட்டுகள் இரும்பில் உரசித் தோல் பிய்ந்தது. காசியம்மாள் ஒரு குழாயை ஸ்பேனரில் செருகித் தன் முழு பலத்தையும் போட்டாள். நட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மழுங்கியதுதான் மிச்சம்.

"போதும்க்கா, விடுங்க. ஒடஞ்சா அதோட போச்சு" என்று அன்புச்செல்வி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அன்புச்செல்வியே சொன்னாள். "தப்பு என்னுதுதான். ஊத்தற நட்டு தொறக்குதான்னு மொதல்ல பாத்துட்டுல்ல கீழ தொறந்திருக்கணும். இப்ப உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. ஊத்தவும் வழியில்ல."

காசியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாளைக்கு?"

அன்புச்செல்வி மேலே ஏறி வந்து, கை கழுவிக்கூடப் பார்க்காமல் போன் செய்தாள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் மலை சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஊரில் இல்லை. மூன்றாமவர், "வண்டிய இங்க கொண்டாம்மா" என்றார். எண்ணெய் இல்லாமல் எப்படி ஓட்டுவது? கட்டி இழுக்கலாம் என்றால் எல்லா வழியிலும் தடுப்பு வைத்திருந்தார்கள். வேறொரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி இரவல் கேட்டாள். நாளைக்கு அவர்களுக்கே டெஸ்ட் இருக்கிறதாம்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடி கால்வாய்க்குள் போய், வண்டிக்கு அடியில், நிழலில் உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். காசியம்மாள் என்னிடம் ரகசியமாக, "உடுங்க மேடம். நேரம் அப்பிடி. நான் வேணா மறுக்கா எல்.எல்.ஆர். போட்டுக்கறேன், அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள்.

அரைமணி நேரம் இருக்கும். கீழேயிருந்து குரல் வந்தது. "வேதாக்கா, போன வருஷம் ஸ்பீடாமீட்டர் முள்ளு வேல செய்யாம இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அதுக்கு இப்ப இன்னா?"

"கேபிள் மாத்துனாங்க இல்ல. அப்ப நான் பக்கத்துல நின்னேன். கியர்பாக்ஸ் மேல ஒரு போல்ட்டக் கழட்டி, சின்னதா ஒரு பல்சக்கரத்த வெளிய இழுத்தாங்க. அதுலேர்ந்து ஒரு சொட்டு ஆயில் என் செருப்பு மேல விழுந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்தாள். தலை வண்டியில் இடித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே மேலே வந்து பானெட்டைத் திறந்தாள். ஸ்பீடாமீட்டரிலிருந்து வரும் கேபிளை விரலால் பிடித்து, அது போகும் வழியே தடவிக்கொண்டே போனாள். கியர்பாக்ஸின் உச்சியில் கை நின்றது. எண்ணெய் அங்கேயிருந்து வெளியே வர முடியும் என்றால் அங்கேயிருந்து உள்ளேயும் போகும். வகுப்பில் இருந்த அந்தச் சிவப்பு மஞ்சள் கியர்பாக்ஸை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். அந்தச் சக்கரம் இருக்கும் இடத்துக்குக் கீழே நேராகப் பள்ளம்தான், தடுப்பு எதுவும் இல்லை என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

உடனே கழற்றிவிடவில்லை. முதலில் பழைய பல் பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுற்றிலும் தேய்த்துத் தூசு தும்பு இல்லாமல் துடைத்தாள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வேலை கெட்டுவிடும் என்றாள். பிறகு ஒரே ஒரு போல்ட். சக்கரம் கையோடு வந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒரு துளை.

"அக்கா, புனல் இருக்குதா?"

தேங்காய் எண்ணெய் ஊற்றும் புனலைக் கொடுத்தேன். வீடு கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்த்த தெளிவான ரப்பர் டியூப் மாடியில் கிடந்தது. அதில் இரண்டு முழம் வெட்டிக் கழுவிக் காயவைத்து, புனலின் வாயில் செருகினோம். எண்ணெய் டப்பாக்களை வெயிலில் வைத்து இளக்கினாள். ஊற்றும் துளைதான் மட்டம் பார்க்கும் துளையும்; எண்ணெய் அதன் விளிம்புவரை நிற்க வேண்டும். அது திறக்காததால் மட்டம் பார்க்க வழியில்லை. ஆகவே வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து அதில் போட்டிருந்த அளவைப் பார்த்து, அதற்கு ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அளந்து ஊற்றினாள். காசியம்மாள் புனலைப் பிடித்துக்கொள்ள, நான் டியூப் மடியாமல் பார்த்துக்கொள்ள, என் கணவர் டப்பாவில் மிச்சம் எவ்வளவு என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சொல்ல, தேன் மாதிரி அது மெல்ல மெல்ல இறங்கியது. முழுசாக இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வாளியில் இறங்கியிருந்த பழைய எண்ணெயை அளந்து பார்த்தபோது, இருக்க வேண்டியதில் முக்கால் பங்குதான் இருந்தது. "இத்தன நாளா கம்மியாத்தான் ஓடிக்கினு இருந்திருக்குது, பாவம்" என்றாள் வண்டியைப் பார்த்து.

சக்கரத்தைப் பொருத்தி மூடினாள். வண்டியை எடுத்து எங்கள் தெருவிலேயே முன்னும் பின்னும் நான்கு தடவை ஓட்டினாள். கீழே அட்டை விரித்து வைத்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒழுகவில்லை. பிறகு காசியம்மாளைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். முதல் கியர். கிளட்ச். காசியம்மாளின் உதடு இரண்டு எண்ணியது. இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"யம்மா, வெண்ணெயில கத்தி எறங்கறாப்பல எறங்குது!" என்று கத்தினாள் காசியம்மாள். தெருவே சிரித்தது.

அன்புச்செல்வி சிரித்தாலும், சாயங்காலம் மற்ற மூன்று பேருக்கும் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "வண்டி இன்னிக்கு வேல வெச்சிடுச்சு. சரி பண்ணியிருக்கேன். மட்டம் மட்டும் பாக்க முடியல. நாளைக்கு எங்கயாவது கியர் விழலன்னா உங்க தப்புன்னு பயந்துடாதீங்க. நான் பின்னாடியே நிப்பேன்." எனக்கு இதைக் கேட்கும்போதுதான் அவள்மேல் இருந்த பிரியம் மரியாதையாக மாறியது. வேறு யாராவது என்றால் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை டெஸ்டில் வண்டி ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. காசியம்மாள், டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மேட்டில் நிறுத்தி எடுத்து, பின்னால் வந்து, கோட்டுக்குள் நிறுத்தி இறங்கினாள். அவர் "பாஸ்" என்றதும் அவர் காலில் விழப் போனாள். அவர் பயந்துபோய் நகர்ந்துகொண்டார். சினேகா என்ற கல்லூரிப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் தேறினார்கள். ஐந்து பேரில் பின்னால் வரும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றது ஒருத்திதான். அது நான். அன்புச்செல்வி என்னிடம், "கியர் எல்லாம் அருமையா போட்டீங்கக்கா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய், மழுங்கிய நட்டின்மேல் வேறொரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அதைப் பிடித்துத் திருகித் திறந்தாள். நான் ஆபீசில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "அக்கா, தொறந்துட்டோம். விரல வெச்சிப் பாத்தேன். கரெக்டா வெளிம்புல நிக்குது. ஒரே ஒரு சொட்டு எட்டிப் பாத்து வழிஞ்சுது." இதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். நான் போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

அதிலிருந்து அந்த வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றுவது அவள்தான். அதோடு ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் ஒரு நாள் ஓட்டச் சொல்லாமல், எல்லோரையும் வண்டிக்கு அடியில் பார்க்க வைப்பாள். எது எதற்கு, எதை யார் எப்படிச் சொல்லி ஏமாற்றலாம், எதை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று காட்டுவாள். தான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்வாள். ஒரு பெண், "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று கேட்டபோது, "செய்யணும்னு இல்லீங்க. செஞ்சாங்களான்னு தெரியணும் இல்ல" என்றாள். காசியம்மாள் இப்போது வாரத்தில் மூன்று நாள் தன் மினி வேனைத் தானே ஓட்டிக்கொண்டு காய் இறக்க வருகிறாள். வரும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். இரண்டாவது முயற்சியில் எனக்கும் லைசென்ஸ் கிடைத்தது.

போன வருடம் அன்புச்செல்வி இரண்டாவது கார் வாங்கி, தன்னிடம் கற்ற ஒரு பெண்ணையே அதற்கு மாஸ்டராகப் போட்டாள். இந்த வருடம் பஸ், லாரி ஓட்டும் ஹெவி லைசென்ஸுக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் போய்விட்டு வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். அங்கே சொல்லித் தருகிற பையனுக்கு இருபத்தாறு வயதுதானாம். இவள் ஏறி உட்கார்ந்ததும், "இதான் ஸ்டீயரிங். பயப்படாம புடிங்க ஆன்ட்டி" என்றானாம்.

"நீ இன்னா சொன்ன?"

"'சரிங்க மாஸ்டர்'னு சொன்னேன்க்கா. நல்லா சொல்லித் தரான். அவன் சொன்ன மாதிரியே புடிச்சேன்."